பிரியா இடைவெளி

மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில்
ஆறாவது கடை எனது.
பலகை எழுதியவனுக்கு இடம் போதவில்லை,
‘ரெபே’ மேலே நிற்கும், ‘க்கா டைப்பிங்’ கீழே.
பக்கத்துக்கு இருபது ரூபாய், அவசரமென்றால் முப்பது.
மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம்,
எப்போதாவது ஒரு காதுகுத்துப் பத்திரிகை.

போன சித்திரையில் ஒரு ஜீவனாம்ச மனு.
‘4’ பக்கத்தின் கடைசி வரியில் நின்றுவிட்டது.
‘லட்சம்’ அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.
எதிர்த்தரப்பு வக்கீல் முதல் தாளை மட்டும் தூக்கிப் பிடித்து
“நாலு ரூவாதானாம்மா வேணும்?” என்றாராம்.
வராண்டாவே சிரித்ததாம்.
குமாஸ்தா வீரபாகு வந்து மேசையைத் தட்டிய தட்டில்
என் மவுஸ் கீழே தொங்கியது.

டோனர் நிரப்ப வரும் ஆரோக்கியம்தான் காட்டிக்கொடுத்தான்:
கன்ட்ரோல், ஷிஃப்ட், அப்புறம் ஸ்பேஸ்.
மூன்று விரல், ஒரே அமுக்கு.
இடைவெளி இருக்கும், ஆனால் பிரியாது.
ஒன்று இறங்கினால் மற்றதும் கூடவே இறங்கும்.
மறைந்த குறிகளைக் காட்டச் சொன்னால்
சும்மா இடைவெளி திரையில் ஒரு புள்ளி.
இது ஒரு வட்டம்,
கம்மல் திருகாணி அளவுக்கு.

அன்றிலிருந்து கட்டிக்கொண்டே இருக்கிறேன்.
ரூபாயோடு தொகையை, எண்ணோடு பவுனை,
சர்வே நம்பரை, கதவு இலக்கத்தை,
இனிஷியலை அதன் ஆளோடு.
அதிகம் கட்டினால் மேல்வரி
பல் விழுந்த வாயாகிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.
சேர்ந்தே இறங்குகிறவர்களுக்காக
மேலே யாரோ வெறுமையாக நிற்க வேண்டியிருக்கிறது.

ஆடி மாதம். கரண்ட் போய்
இன்வெர்ட்டர் கீச்சிட்டுக்கொண்டிருந்த மத்தியானம்
வாடிப்பட்டியிலிருந்து கொடிமலர் வந்தாள்.
பரஸ்பர சம்மதம், பிரிவு 13 பி.
பிரிவையும் பதின்மூன்றையும் பியையும்
பிரியாமல் கட்டினேன்.
தனித்து வாழும் காலம் 2 வருடம் 5 மாதம்,
அதையும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு
என் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் பார்த்தாள்.
முன்னால் ஒரு சொல் சேர்த்தேன்,
‘க/பெ’யும் ‘இருளப்ப’னும் ஒன்றாகக் கீழே குதித்தார்கள்.
அழித்தேன்,
ஒன்றாக ஏறினார்கள்.

“ஏங்க்கா, அது ரெண்டும் சேந்தே போகுது?”
சொன்னேன்.
கையிலிருந்த ரேஷன் கார்டு நகலை
மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.
“அத மட்டும் அவுத்து விட்ருங்க.”
“க/பெ எடுக்க முடியாதும்மா, தீர்ப்பு வர்ற வரைக்கும் நீ…”
“எடுக்க வேணாம். முடிச்ச மட்டும்.”

வட்டத்தை அழித்துப் புள்ளி வைத்தேன்.
ஆறாவது பத்தியில் பையன் இருந்தான்.
இ. நிலவழகன், வயது 6.
அங்கேயும் கர்சரைக் கொண்டுபோனேன்.
மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.
“அங்கிட்டு வேணாம்.”

பச்சைத் தாளில் மூன்று பிரதி.
அச்சில் புள்ளியும் தெரியாது, வட்டமும் தெரியாது.
சூடு ஆறுமுன்னே முதல் பக்கத்தில்
விரலை வைத்துத் தேடினாள். நானும் எட்டிப் பார்த்தேன்.
என்னென்னவோ திருத்தியதில் எல்லாம் நகர்ந்து
வரியின் நட்டநடுவில்
க/பெ இருளப்பன்,
ஒட்டி உட்கார்ந்த மாதிரி, ஒழுங்காக.

“பிரியலையேக்கா?”
“எடம் இருந்துச்சு, நின்னுருச்சு.
ஓரத்துல வந்தாத்தான் தெரியும்.”
தலையாட்டினாள்,
புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.
சில்லறை இல்லாமல் இருபது ரூபாய் பாக்கி வைத்தாள்.
வாடிப்பட்டி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டு
வெயிலில் இறங்கினாள்.

கோப்புக்குப் பெயர் கேட்டது கம்ப்யூட்டர்.
கொடிமலர் என்று அடித்தேன்.
இனிஷியல் போடவில்லை.